மங்கிய அலாய் வீல்: தேய்ப்பதா, உரிப்பதா, பூசுவதா?

அலாய் வீல் மங்கிவிட்டது, எந்தப் பாலிஷ் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், மங்கியது எது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். அலுமினியமா, அதன்மேல் இருக்கும் பூச்சா? கேட்டவர் கொஞ்சம் விழிப்பார். அலுமினிய வீல் என்றால் அலுமினியம்தானே மங்கும்? ஆனால் இன்று ஓடும் பெரும்பாலான கார்களின் அலாய் வீலைத் தொட்டுப் பார்க்கும்போது உங்கள் விரல் அலுமினியத்தில் படுவதே இல்லை. வெள்ளி நிறப் பெயின்ட், அதன்மேல் க்ளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு. விரல் படுவது அந்தக் க்ளியர் கோட்டில்தான். உலோகப் பாலிஷ் வாங்கி ஒரு மாலை முழுக்கத் தேய்த்தும் ஒன்றும் மாறவில்லை என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பூச்சைத்தான் தேய்த்திருப்பார்கள்.

இருக்கும் வழிகள் ஆறு ஏழு. வெறுமனே கழுவுவதில் தொடங்கி வீலையே மாற்றுவது வரை போகலாம். எது சரி என்பதை வீலின் மேல் தோல் தீர்மானிக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும்.

வீலை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். வெளியே தெரியாத ஒரு மூலையில் துளி உலோகப் பாலிஷ் வைத்து வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணி கறுத்தால் அது வெற்று அலுமினியம். தேயும் உலோகத்தூள்தான் அந்தக் கறுப்பு. கழுவாமல் சோதித்தால் அழுக்கும் கறுப்பாகத்தான் வரும், ஏமாந்துவிடாதீர்கள். துணியில் வீலின் நிறமே ஒட்டினால் க்ளியர் கோட் இல்லாத பெயின்ட். ஒன்றுமே ஒட்டாவிட்டால் மேலே க்ளியர் கோட் இருக்கிறது. கண்ணாடிபோல் முகம் தெரிந்தும் துணி கறுக்கவில்லை என்றால் குரோம் முலாமாக இருக்கலாம். அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்கிய வீலிலும் துணி கறுக்காது. ஆனால் அதற்குக் க்ளியர் கோட்டின் வழவழப்பு இராது, மெல்லிய சாட்டின் பளபளப்புதான் இருக்கும்.

இரண்டாவது சோதனைக்குத் தண்ணீர் மட்டும் போதும். மங்கிய இடத்தை நனையுங்கள். ஈரம் இருக்கும்வரை பளிச்சென்று தெரிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் குறை மேற்பரப்பில் இருக்கிறது. நுண்ணிய கீறல்களையும் சொரசொரப்பையும் தண்ணீர் தற்காலிகமாக நிரப்பியதால் வந்த பளிச் அது. நனைத்தாலும் வெள்ளைக் கோடுகள் அப்படியே தெரிந்து, நகத்தால் வருடினால் வழுக்கிக்கொண்டு போனால், அரிப்பு பூச்சுக்கு அடியில் புகுந்துவிட்டது. இந்த இரண்டுக்குமான வைத்தியம் முற்றிலும் வேறு.

கழுவுவதையும் ஒரு வழியாக எண்ணுங்கள்

மங்கல் என்று நினைப்பதில் பெரும்பகுதி பிரேக் தூசியாகவே இருக்கும். பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கும் பேடும் உரசிச் சிதறும் இரும்புத் துகள்கள் சூட்டோடு க்ளியர் கோட்டில் போய் ஒட்டுகின்றன. பிறகு ஈரத்தில் அங்கேயே துருப்பிடிக்கின்றன. ஆரஞ்சும் பழுப்புமாய்ப் புள்ளி புள்ளியாகத் தெரிவது அலுமினியத்தின் துரு என்று பலர் நினைக்கிறார்கள். அலுமினியம் அரித்தால் வெள்ளைப் பொடிதான் வரும். பழுப்பு என்றால் அது இரும்பு.

இதற்கு ஷாம்பு போதாது. அயர்ன் ரிமூவர் என்று விற்கும் திரவம் வேண்டும். அதில் இருப்பது பெரும்பாலும் தயோகிளைகோலேட் உப்பு. தலைமுடியைச் சுருட்டும் பெர்ம் மருந்தில் இருக்கும் அதே குடும்பம். அதனால்தான் அந்த நாற்றம். இரும்போடு சேர்ந்ததும் ஊதா நிறமாக ஒழுகும். முதல் முறை பார்ப்பவர்களுக்கு வீலுக்கே காயம் பட்டதுபோல் இருக்கும். சில நிமிடம் விட்டு, காய்வதற்குள் கழுவ வேண்டும். ஊதா வருவது நிற்கும்வரை இரண்டு மூன்று முறை செய்யலாம். தார்ப் புள்ளிக்குத் தனியாகத் தார் நீக்கி இருக்கிறது. மிச்சமிருக்கும் சொரசொரப்பைக் க்ளே பார் என்ற களிமண் கட்டி எடுத்துவிடும்.

இதைச் செய்யாமலே பாலிஷுக்குப் போனால் அந்த இரும்புத் துகள்களையே உப்புத்தாளாக்கிப் பூச்சைத் தேய்ப்பீர்கள். அதுபோகக் கழுவிய பிறகு வேறு எதுவும் தேவைப்படாமலே போகக்கூடும்.

கடையில் கிடைக்கும் எல்லா வீல் கிளீனரும் ஒன்றல்ல. அலுமினியம் காற்றுப் பட்டதுமே தன்மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்கிறது. அதுதான் அதன் கவசம். சுமார் 4 முதல் 8.5 வரையிலான பிஎச் அளவில் அந்தக் கவசம் நிற்கும். அதற்குக் கீழே போனாலும் கரையும், மேலே போனாலும் கரையும். அமிலம் மட்டும்தான் ஆபத்து, காரம் பாதுகாப்பு என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. காஸ்டிக் சோடா உள்ள அடுப்புக் கிளீனரை வெற்று அலுமினியத்தில் அடித்தால் சில நிமிடத்தில் கறுத்துப்போகும். சில தொழில்முறை அமிலக் கிளீனர்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ அம்மோனியம் பைஃப்ளூரைடோ இருக்கும். இவை வீலைவிட உங்களுக்குத்தான் கேடு. தோலில் பட்டால் உடனே எரியாது. சில மணி நேரம் கழித்து வலி தொடங்கும்போது ஃப்ளூரைடு உள்ளே இறங்கியிருக்கும். புட்டியின் பின்பக்கத்தில் இந்தப் பெயர்களைப் பார்த்தால் நான் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஒரு முறை ஓடி முடித்த கார், வீல் இன்னும் சூடாக இருக்கிறது. வேலையைச் சீக்கிரம் முடிக்கலாம் என்று அமிலக் கிளீனரை அடித்தேன். திரவம் ஒழுகிய வழியெல்லாம் காய்ந்து வெள்ளைக் கோடாக நின்றுவிட்டது. பூச்சு இல்லாத வெற்று வீல் அது. பத்து நிமிட வேலைக்குப் போய் இரண்டு நாள் தேய்க்கும் வேலையைச் சம்பாதித்தேன். வீலைக் கையால் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் மட்டும் எதையும் அடிப்பது என்ற பழக்கம் அன்று வந்தது.

குறை மேற்பரப்பில் இருந்தால்

நனைத்ததும் பளிச்சென்று தெரிந்த வீலுக்குக் கார் பெயின்டுக்குப் பயன்படுத்தும் காம்பவுண்டும் பாலிஷும்தான் மருந்து. உலோகப் பாலிஷ் வேண்டாம். க்ளியர் கோட் பல வீல்களில் தலைமுடியின் தடிமன்கூட இராது. அதிலிருந்து எடுப்பதற்கும் அளவு உண்டு. கையால் தேய்த்தால் போதும். டிரில் மெஷினில் பந்துபோன்ற ஸ்பாஞ்சை மாட்டுவதானால் ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், ஓரங்களில் அழுத்தக் கூடாது. ஓரத்தில்தான் பூச்சு மிக மெல்லியது. கடைசியில் வீலுக்கான சீலன்ட் பூசிவிட்டால் அடுத்த பிரேக் தூசி அவ்வளவு பிடிவாதமாக ஒட்டாது.

குரோமும் அனோடைஸும் வந்தால் இந்த ஆசையெல்லாம் விட்டுவிடுங்கள். குரோம் மெல்லிய முலாம். அழுக்கைத் துடைத்து மெழுகு போடலாம். உரிய ஆரம்பித்த குரோமை எந்தப் பாலிஷும் திரும்ப ஒட்டாது, ஓரம் பிளேடுபோல் கையை அறுக்கும். அனோடைஸ் படலம் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். தேய்த்தால் அதையே தேய்த்து எடுப்பீர்கள். நடுநிலை ஷாம்பு, மெதுவான துணி, அவ்வளவுதான்.

உரித்துப் பளபளப்பாக்குவது: எல்லோரும் ஆசைப்படும் வழி

பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்ததுபோல் கோடுகள் இருந்தால் மேலே எதைத் தேய்த்தும் பயனில்லை. கல் தெறித்த இடத்திலோ, நடைபாதை விளிம்பில் உரசிய இடத்திலோ, பேலன்சிங் எடை வைத்த ஓரத்திலோ பூச்சு உடைந்திருக்கும். அதன் வழியே ஈரமும் உப்பும் நுழைந்து, பூச்சுக்கும் உலோகத்துக்கும் இடையில் இழை இழையாக அரித்துக்கொண்டு போகும். இனி பூச்சை முழுசாக எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் உண்மையான தேர்வு வருகிறது.

படங்களில் பார்க்கும் கண்ணாடி வீல் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும்தான். பூச்சு நீக்கும் ஜெல்லைத் தடவி, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரில் தொடங்க வேண்டும். தாளின் எண் கூடக் கூட அது நைஸாகும். ஆழமான கீறல் இருந்தால் 320, இல்லையென்றால் 400. பிறகு 600, 800, 1000, 1500, 2000. ஒவ்வொரு தாளையும் முந்தைய தாளுக்குக் குறுக்கே தேய்த்தால்தான் பழைய கோடு போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். அவசரப்பட்டு 600-இலிருந்து 1500-க்குத் தாவினால், கடைசியில் பாலிஷ் போட்டதும் அந்த 600 கோடுகள் எல்லாம் சிரித்துக்கொண்டு வெளியே வரும். அப்புறம் திரும்பவும் முதலிலிருந்து. ஒரு வீலுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரக்கால்களின் உள்மூலை, நட்டுக் குழியைச் சுற்றிய வளைவு, இவற்றில் மெஷின் நுழையாது, விரல்தான். மெல்லிய ஆரக்கால்கள் நிறைய உள்ள வீல் என்றால் இந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஈரமாகவே தேயுங்கள். காய்ந்த அலுமினியத்தூள் மூச்சுக்குக் கேடு, நெருப்பும் பிடிக்கும். இரும்பு தேய்க்கும் கிரைண்டரின் தீப்பொறி பக்கத்தில் வரவே கூடாது. சாதாரண ஸ்டீல் உல் போட்டுத் தேய்த்தால் அதன் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து பிறகு துருப்புள்ளியாக வரும். விரட்டிய இரும்பை நீங்களே திரும்ப அழைத்து வந்ததாகிவிடும்.

இவ்வளவு பாடுபட்டும் படத்தில் பார்த்த பளபளப்பு வராமல் போகலாம், அதற்கு உங்கள் கை காரணமில்லை. வார்த்து எடுத்த வீல்களில் அதிகம் பயன்படும் ஏ356 உலோகத்தில் சுமார் 7 சதவீதம் சிலிக்கான் இருக்கிறது. உருகிய உலோகம் அச்சில் நன்றாக ஓடுவதற்காகச் சேர்ப்பது. அந்தச் சிலிக்கான் துகள்களும் வார்ப்பின் நுண்துளைகளும் சேர்ந்து கொஞ்சம் சாம்பல் பூத்த பளபளப்பைத்தான் தரும். அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு வீலில், 6061 போன்ற உலோகத்தில், கண்ணாடி கிடைக்கும்.

அடுத்தது, வெற்று உலோகத்தை வைத்துக் காப்பாற்றும் பாடு. மழையும் உப்பும் பட்டால் சில வாரத்தில் மங்கத் தொடங்கும். கடற்கரையை ஒட்டியோ, பனிக்காலத்தில் உப்புத் தூவும் சாலையிலோ ஓடும் காருக்கு இது முடியாத காரியம். சரி, பாலிஷ் போட்டுவிட்டு மேலே க்ளியர் கோட் அடித்துவிடலாமே என்று உடனே தோன்றும். கண்ணாடிபோல் வழவழப்பான உலோகத்தில் பூச்சுக்குப் பிடிமானம் கிடைக்காது. சில மாதங்களில் தகடுபோல் உரியும், அடியில் மறுபடி அதே புழு. வாரக் கடைசியில் மட்டும் வெளியே எடுக்கும் கார், தேய்ப்பதையே பொழுதுபோக்காக நினைப்பவர் என்றால் இந்த வழி அருமை. தினமும் வேலைக்குப் போகும் காருக்கு, அழகு பார்க்கும் நேரத்தைவிடத் தேய்க்கும் நேரம் அதிகமாகும்.

பெயின்ட் அடிப்பதும் பவுடர் கோட்டிங்கும்

தினசரி ஓடும் காருக்கு என் ஓட்டு பூச்சுக்குத்தான். எந்தப் பூச்சு என்பது யார் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நீங்களே செய்வதானால் பெயின்ட். டயரைக் கழற்றாமல்கூட முடியும். டயருக்கும் ரிம்முக்கும் இடையில் வட்டமாகக் கெட்டி அட்டைகளைச் செருகி மறைத்துக்கொள்ளலாம். உரசிய விளிம்பை உப்புத்தாளால் சமப்படுத்தி, பள்ளத்துக்கு உலோகத்தூள் கலந்த எப்பாக்சி பட்டி போட்டு, எண்ணெய் பிசுக்கு இல்லாமல் துடைத்து, வெற்று அலுமினியத்துக்கு ஏற்ற எட்ச் ப்ரைமரோ எப்பாக்சி ப்ரைமரோ (பெயின்டுக்குப் பிடிமானம் தரும் அடிப்பூச்சு) அடித்து, பிறகு நிறம், பிறகு க்ளியர். ப்ரைமரைத் தவிர்த்துவிட்டு அடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. முதலில் நன்றாகத்தான் இருக்கும், முதல் கல் பட்டதும் பெயர்ந்துவரும். சாதாரண ஸ்ப்ரே டின்னில் வரும் க்ளியர் கோட் மென்மையானது, பெட்ரோலோ பிரேக் ஆயிலோ பட்டால் தாங்காது. ஹார்டனர் கலந்த 2கே க்ளியர் தாங்கும். ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கேடான வேதிப்பொருள் இருக்கிறது, சாதாரண முகக்கவசம் எதற்கும் உதவாது. அதற்குரிய சுவாசக் கருவி இல்லாமல் மூடிய ஷெட்டுக்குள் அடிக்கவே கூடாது. கருவி இல்லையென்றால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் பெயின்டரிடம் கொடுத்துவிடலாம்.

கடையில் கொடுப்பதானால் பவுடர் கோட்டிங். டயர், வால்வு, காற்றழுத்த சென்சார் எல்லாம் கழற்றி, பழைய பூச்சை முழுக்க எடுத்து, மின்னேற்றம் கொடுத்த பொடியைத் தூவி, சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கிப் படியவைப்பார்கள். கல்லடி தாங்குவதில் இதற்கும் டின் பெயின்டுக்கும் ஒப்பீடே இல்லை. ஒரு குறை, பிற்பாடு ஓரிடத்தில் உடைந்தால் அந்த இடத்தை மட்டும் தெரியாமல் சரிசெய்வது கஷ்டம், அந்த விஷயத்தில் பெயின்ட் எளிது.

கடையைத் தேர்ந்தெடுக்கும்போது சில கேள்விகள் கேளுங்கள். அடுப்பு எவ்வளவு சூடு என்று முதலில். அலாய் வீல்கள் பெரும்பாலும் டி6 என்ற வெப்பப் பதத்தில் வலுவூட்டப்பட்டவை. 200 டிகிரியைத் தாண்டி நீண்ட நேரம் வைத்தால் அந்தப் பதம் தளரும், வலு குறையும். கம்பிக்கதவுக்கும் வீலுக்கும் ஒரே சூட்டை வைப்பவரிடம் கொடுக்காதீர்கள். அடுத்து, பொடி தூவுமுன் வெறும் வீலை ஒரு முறை சூடாக்குவார்களா என்று கேளுங்கள். வார்ப்பின் துளைகளில் அடைபட்ட காற்று அடுப்பில் வெளியேறும்போது பூச்சில் ஊசித்துளை விழும். முன்கூட்டிச் சூடாக்கினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். நட்டு உட்காரும் கூம்புக் குழியையும், காரின் ஹப்பில் (வீலை மாட்டும் சுழலும் நடுப்பகுதி) பொருந்தும் பின்முகத்தையும் மறைத்துவிட்டுத்தான் பூசுவார்களா என்று கடைசியாகக் கேளுங்கள். அங்கே தடிமனான பூச்சு இருந்தால் ஓட ஓட அது நசுங்கி, இறுக்கிய நட்டு தளரும். மூன்றில் எனக்கு இதுதான் முக்கியம். நிறம் மோசமாக வந்தால் மனசுதான் கஷ்டப்படும், வீல் கழன்றால் கதையே வேறு.

லேத்தில் சீவிய முகம்

சில வீல்களில் முகம் மட்டும் வெள்ளியாக, நுண்ணிய வட்டக்கோடுகளோடு வானவில்போல் மின்னும். பள்ளங்களில் கறுப்போ சாம்பலோ இருக்கும். டைமண்ட் கட் என்பது இதுதான். கணினி இயக்கும் சிஎன்சி லேத்தில் வைத்து மேல் உலோகத்தை மெல்லிய ஏடாகச் சீவி, மேலே க்ளியர் கோட் பூசியிருப்பார்கள். இதைக் கையால் தேய்த்தால் அந்தக் கோடுகள் போய்விடும், திரும்ப வராது. பழைய தோற்றமே வேண்டும் என்றால் மறுபடி லேத்தில்தான் ஏற்ற வேண்டும்.

ஒவ்வொரு முறையும் உலோகம் குறைகிறது. ஆகையால் ஒரு வீலை வாழ்நாளில் ஒன்றிரண்டு முறைக்குமேல் சீவச் சொல்வது சரியில்லை. சீவிய முகத்தின் ஓரங்கள் கூர்மையானவை, கூர்மையான ஓரத்தில் எந்தப் பூச்சும் மெல்லியதாகத்தான் நிற்கும். வெள்ளைப் புழு இந்த வகை வீல்களில் சீக்கிரம் நுழைவதற்கு அதுவும் ஒரு காரணம். முதல் முறை மங்கினால் லேத் சரி. இரண்டாவது முறையும் அதே தொல்லை வந்தால் நானாக இருந்தால் மினுமினுப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, முழு வீலையும் ஒரே நிறத்தில் பவுடர் கோட்டிங் செய்துவிடுவேன்.

வெடிப்பு விழுந்த வீலுக்கும் நெளிந்த வீலுக்கும் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் வெப்பப் பதம் கெடும். மேலே பூசிவிட்டால் வெடிப்பு கண்ணுக்கும் தெரியாது. மாற்றிவிடுங்கள். வேறு வீல் வாங்கும்போது போல்ட் வட்ட அளவு, ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம்), நடுத்துளை, தாங்கும் எடை நான்கும் காருக்குப் பொருந்த வேண்டும். பூச்சை உரிக்கும்போதுதான் மயிரிழை வெடிப்பு கண்ணில் படும் என்பதும் உண்டு. உரித்ததும் ஆரக்கால் ரிம்மோடு சேரும் இடங்களை வெளிச்சத்தில் ஒரு முறை சுற்றிப் பாருங்கள்.

எந்த வழியாக இருந்தாலும் நான்கையும் ஒரே நாளில் கழற்றாமல் ஒன்றை மட்டும் முதலில் செய்துபாருங்கள். ஸ்டெப்னியும் அலாய் வீலாக இருந்தால் அதில் தொடங்குவது இன்னும் வசதி, கார் நிற்க வேண்டியதில்லை. மாட்டும்போது நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் குறுக்கு மறுக்காக இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். பிறகு ஒரு மாதம் மழையிலும் தூசியிலும் ஓட்டிவிட்டு, அந்த வீலைப் பக்கத்து வீலோடு வைத்துப் பார்த்தால் மற்ற மூன்றையும் என்ன செய்வது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.